வருத்தத்துடன் நினைவுகூர்பவர்

வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு மேல் ஓல்டன்ராய்டில் யாரும் சாகாமல் இருப்பது நல்லது. அந்த நேரத்தோடு ‘கூரியர்’ பத்திரிகையின் மரண அறிவிப்புப் பக்கம் மூடிவிடும். அதற்குப் பிறகு போனவர்கள் அடுத்த வாரம்தான் ஊருக்குச் செத்தவர்கள் ஆவார்கள். இதை ஹில்டா க்ளெக் பதினாறு வருடமாக முன்கூடத்து ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு எல்லோருக்கும் சொல்லிவந்தாள். யார் கெஞ்சினாலும் ஒரு நிமிடம் நீட்டிக்க மாட்டாள்.

ஐம்பத்தாறு வயது, கல்யாணம் ஆகாதவள், சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை, மேல் பொத்தான்வரை போட்டிருப்பாள். கம்பளி மில்லில் நூல் சுற்றியவனும் சரி, அந்த மில்லுக்கே சொந்தக்காரனும் சரி, செத்தால் அவர்கள் வீட்டார் அவள் ஜன்னலுக்குத்தான் வந்து நிற்க வேண்டும். அவர்கள் துண்டுக் காகிதத்தில் கிறுக்கிவந்ததைப் படிவத்தில் எழுதிக்கொள்வாள். பிறகு வரிசையில் நிற்கிற அத்தனை பேருக்கும் கேட்கும்படி உரக்கப் படிப்பாள். கொடுத்தவர் “சரி” என்று வாயால் சொன்னால்தான் அது கீழே அச்சுக்கூடத்துக்குப் போகும். அது அவள் கொண்டுவந்த விதி. அறிவிப்பில் யார் பெயர் வருகிறதோ அவருடைய சம்மதம் வேண்டும் என்பதும் அவள் கொண்டுவந்த விதிதான். ஆசிரியர் முதலில் முனகினார். அப்புறம் இவளோடு மல்லுக்கட்டுவதைவிட விதியே மேல் என்று விட்டுவிட்டார்.

அந்த அறிவிப்புகளில் ஒரு சொல் தவறாமல் வரும். ஆங்கிலத்தில் ‘சேட்லி’ என்பார்கள், வருத்தத்துடன். செத்தவர் பெயர், விலாசம், தேதி எல்லாம் முடிந்ததும், ‘வருத்தத்துடன் நினைவுகூர்பவர்கள்’ என்று போட்டு, கீழே மனைவி, மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள், சில வீடுகளில் நாயின் பெயர்கூட வரும். அந்தச் சொல்லை ஹில்டா அளவுக்குக் கண்டவர்கள் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரிலேயே இருக்க மாட்டார்கள். குடித்துவிட்டுப் பெண்டாட்டி பல்லை உடைத்தவனுக்கும் வருத்தத்துடன்தான். முன்னூறு பேரை வீட்டுக்கு அனுப்பிய மில் முதலாளி கதவில் ஒட்டிய தாளிலும் வருத்தத்துடன்தான். பொதுக் குளியலறையை மூடியபோது நகரசபைகூட வருத்தத்துடன்தான் மூடியது. சொல்தான் வருந்துமே ஒழிய, சொன்னவர் யாரும் வருந்தி ஹில்டா பார்த்ததில்லை.

ஆனால் அது இல்லாமல் போனால் ஊர் விடாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பொரித்த மீனைத் தின்றுகொண்டே ஓல்டன்ராய்ட் முழுவதும் பத்திரிகையை அந்தப் பக்கத்திலிருந்துதான் பிரிக்கும். செத்தது யார் என்பது பாதிச் செய்தி. யார் பெயர் இருக்கிறது, யார் பெயருக்குக் கீழே யார் பெயர், யார் பெயரைக் காணோம் என்பது மீதிச் செய்தி. பெயர் எதுவும் போடாமல் ‘அனைவரும்’ என்று போட்டிருந்தால், அந்த ஆளுக்கு நாதியில்லை என்று அர்த்தம். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது.

ஹில்டாவின் பெயர் காணாமல் போனது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்று ஆகஸ்ட் மாதம்.

அவளுடைய அப்பா ஹெர்பர்ட் க்ளெக் சாயப்பட்டறையில் வேலை பார்த்தவர். பக்கவாதம் வந்து ஒன்பது வருடம் படுக்கையில் கிடந்தார். பேச்சும் போய்விட்டது. அந்த ஒன்பது வருடமும் அவரைக் குளிப்பாட்டி, ஊட்டி, பீ மூத்திரம் அள்ளியவள் இளையவள் ஹில்டா. மில்லில் அரை நாள் வேலை, மீதி நேரம் அப்பா. மூத்தவள் மார்ஜரி இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் ஃப்ராங்க் ஹோய்லைக் கட்டிக்கொண்டு இரண்டு தெரு தள்ளி இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்து, தொப்பியைக்கூடக் கழற்றாமல் வந்து கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவாள். ஒன்பது வருடத்தில் ஒரே ஒரு சனிக்கிழமை, கோயில்காரர்கள் ஸ்கார்பரோ கடற்கரைக்குப் பஸ் வைத்தபோது, “போயிட்டு வா, ஒரு நாள் நான் பாத்துக்கறேன்” என்றாள் மார்ஜரி. ஹில்டா போனாள். செருப்பைக் கழற்றிக் கடலில் கால் நனைத்தாள். சாயங்காலம் திரும்பி வந்தபோது வீட்டுத் திரைகளெல்லாம் சாவு வீட்டு வழக்கப்படி இழுத்து மூடியிருந்தன.

“பேப்பர நான் பாத்துக்கறேன். நீ சாப்பாட்டப் பாரு” என்று மார்ஜரி சொல்லிவிட்டாள். சாவு வீட்டில் பன்றித் தொடை அவித்துப் போடாவிட்டால் அந்த ஊரில் அது சாவே இல்லை. ஹில்டா அழுதுகொண்டே அதை அவித்தாள். வெள்ளிக்கிழமை பத்திரிகை வந்தது. ‘வருத்தத்துடன் நினைவுகூர்பவர்கள்: மகள் மார்ஜரி, மருமகன் ஃப்ராங்க்.’ அதோடு சரி.

மறுநாள் அடக்கத்தில் எல்லோரும் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். ஒன்பது வருடம் அவள் மலச்சட்டி தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனதைக் கண்ணால் கண்ட பக்கத்து வீட்டுக்காரர்களே, கண்ணை விட்டுவிட்டுப் பத்திரிகையை நம்பினார்கள். அப்பன் கடைசியில் இவளை ஒதுக்கிவிட்டானாம், ஏதோ காரணம் இல்லாமலா என்றார்கள். இரண்டு வருடமாக அவளோடு பழகிக்கொண்டிருந்த பெர்சியின் அம்மாவும் அதையேதான் சொன்னாள். பெர்சி வருவது முதலில் குறைந்தது, பிறகு நின்றது. ஹில்டா அக்கா வீட்டு வாசலில் போய் நின்று ஏன் என்று கேட்டபோது, மார்ஜரி “நீ அங்க இல்லையே” என்று மட்டும் சொல்லிக் கதவைச் சாத்தினாள். அதற்குப் பிறகு இருவரும் ஒரே கோயிலில் எதிரெதிர் பெஞ்சில் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்தார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை.

பத்திரிகையில் வேலை காலி என்று தெரிந்ததும் ஹில்டா மில்லை விட்டு வந்தது அதனால்தான். அந்த ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தால், என்றைக்காவது ஒரு வியாழக்கிழமை அக்கா வந்துதான் தீர வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். ஹில்டா உட்கார்ந்து கொல்கிறவள். நான்கு வருடம் முன்பு ஃப்ராங்க் செத்தபோது, மார்ஜரி கெட்டிக்காரத்தனமாக அடக்கம் செய்கிற கடைக்காரனை அனுப்பிவிட்டாள். ஹில்டா காத்திருந்தாள்.

எழுபத்து மூன்றாம் வருடம் ஏப்ரல் மாதம், ஒரு வியாழக்கிழமை பத்தே முக்கால் மணிக்கு மார்ஜரி தானே வந்தாள். ஆள் பாதியாகியிருந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் கம்பளி மில் தூசு தின்ற நெஞ்சு. ஒவ்வொரு மூச்சும் கதவு கிறீச்சிடுகிற மாதிரி வந்தது. வரிசையில் அவளுக்குப் பின்னால் கசாப்புக்கடை பேர்ஸ்டோவின் மனைவி நெல்லியும், இன்னும் நான்கைந்து பேரும் நின்றார்கள்.

“யாருக்கு?” என்றாள் ஹில்டா, தலையைத் தூக்காமல்.

“எனக்கு.”

ஹில்டா தலையைத் தூக்கினாள். “நீ இன்னும் சாகலையே.”

“ஜூன்ல வர்ற பெந்தெகொஸ்தே பண்டிகைவரைக்கும் தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டார். தேதிய மட்டும் காலியா விடு, மத்ததெல்லாம் எழுதியிருக்கேன். கண்டவ எழுதறதுக்குப் பதிலா நானே எழுதிட்டுப் போலாம்னு வந்தேன்.”

அவள் நீட்டிய காகிதத்தை ஹில்டா வாங்கிப் படிவத்தில் எழுதினாள். நிதானமாக எழுதினாள். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, வழக்கத்தைவிடக் கொஞ்சம் உரக்கவே படித்தாள்.

“ஹோய்ல், மார்ஜரி. பன்னிரண்டு, ஹேலி தெரு. அமரர் ஃப்ராங்கின் அன்பு மனைவி. வருத்தத்துடன் நினைவுகூர்பவர்...” நிறுத்தினாள். “தங்கைன்னு எழுதியிருக்கு. பேர் இல்ல.”

“உனக்குத் தெரியாதா?”

“எனக்குத் தெரிஞ்சா என்ன, தெரியாட்டி என்ன. படிவத்துல பேர் வேணும். கொடுக்கறவங்க வாயால சொல்லணும்.”

மார்ஜரி ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். “ஹில்டா.”

“முழுப் பேர்.”

“ஹில்டா க்ளெக்.”

இருபத்திரண்டு வருடத்தில் அக்கா வாயால் அந்தப் பெயர் வந்தது அதுதான் முதல் தடவை. ஹில்டா அதை எழுதி, மை காயும்வரை பொறுத்தாள். “சம்பந்தப்பட்டவங்க சம்மதம் கேட்டாச்சா?”

“இப்பத்தான் கேக்கறேன்.”

“சம்மதம் இல்ல.”

ரூல்தடியை எடுத்து வைத்து, தன் பெயரின்மேல் ஒரு நேர்கோடு போட்டாள். கோடு போட்டதை மார்ஜரி பார்க்கட்டும் என்று படிவத்தை அவள் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

“பேர் இல்லாம ‘வருத்தத்துடன்’ தொங்கிட்டு நிக்கும். நல்லா இருக்காது. வேணும்னா ‘அனைவரும்’னு போடலாம், கண்ணு. நிறையப் பேர் போடறாங்க.”

“மண்ணாங்கட்டி அனைவரும்” என்றாள் மார்ஜரி. தன் காகிதத்தை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள். வாசலுக்குப் போவதற்குள் இரண்டு தடவை நின்று இருமினாள். யாரோ கை கொடுக்கப் போக, தட்டிவிட்டாள்.

“அடுத்தது” என்றாள் ஹில்டா.

அன்று மதியம் அவள் தின்ற, மாவுக்குள் இறைச்சி அடைத்துச் சுட்ட ‘பை’ வாழ்நாளில் தின்றதிலேயே ருசியாக இருந்தது. சும்மா சொல்லக்கூடாது, அவளுக்குக் கொஞ்சம்கூட வெட்கமாக இல்லை. வீட்டுக்குப் போகும் வழியில் தன்னையறியாமல் கோயில் பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டு போனாள்.

ஊர் சும்மா இருக்குமா. சனிக்கிழமை கறி வாங்கப் போனபோது நெல்லி பேர்ஸ்டோ ஆரம்பித்தாள். “ஹில்டா, நான் சொல்றேன்னு தப்பா நெனக்காத. சாகக் கெடக்கறவ. ஒரு வரிதானே. பேர் போட்டா உனக்கென்ன கொறஞ்சுடும்?”

“அம்பத்தொண்ணுல என் பேர் வரலையே, நெல்லி. அப்ப அவகிட்ட போய், ஒரு பேர்தானே, போட்டா என்ன கொறஞ்சுடும்னு கேட்டியா?”

நெல்லி கத்தியைத் துடைத்தாள். நேர்மையான பொம்பளை. “கேக்கல” என்றாள்.

“யாராவது கேட்டாங்களா?”

“யாரும் கேக்கல.”

“அப்ப இப்பவும் யாரும் கேக்க வேண்டாம். அரைப் பவுண்டு ஈரல் குடு.”

அடுத்த வாரம் நெல்லியே தூதும் வந்தாள். “உனக்கு என்ன வேணும்னு கேட்டுட்டு வரச் சொன்னா. எதுன்னாலும் தர்றாளாம். வீட்டக்கூட உன் பேர்ல எழுதறாளாம்.”

ஹில்டாவுக்குச் சிரிப்பு வந்தது. வீடாம். அன்று ராத்திரி முழுக்க யோசித்துப் பார்த்தாள். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஏன் என்று தெரிய வேண்டும். ‘நீ அங்க இல்லையே’ என்பது பதில் இல்லை. போகச் சொன்னவளே அவள்தானே.

ஞாயிற்றுக்கிழமை மதியம் பன்னிரண்டாம் நம்பர் கதவைத் தட்டாமல் திறந்துகொண்டு போனாள். கட்டிலை முன்னறைக்கே இறக்கியிருந்தார்கள். மார்ஜரி மூன்று தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஹில்டா கோட்டையும் கழற்றவில்லை, தொப்பியையும் கழற்றவில்லை.

“வீடு எனக்கு வேண்டாம். என் பேர ஏன் எடுத்த? அதச் சொல்லு.”

மார்ஜரி போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள். “சொன்னா போடுவியா?”

“மொதல்ல சொல்லு.”

“அன்னிக்குக் காலையில நீ பஸ் ஏறிப் போன கொஞ்ச நேரத்துல அவருக்குப் பேச்சு வந்துச்சு.”

ஹில்டா கையுறையைக் கழற்றினாள்.

“ஒம்பது வருஷமா ‘ம்’, ‘ஆ’ தவிர ஒண்ணும் வராத மனுஷன். வந்துச்சு. ஒரே ஒரு வார்த்த. ஹில்டா. தண்ணி குடுத்தேன், ஹில்டாங்கறார். தலகாணிய சரி பண்ணேன், ஹில்டாங்கறார். நான் மார்ஜரிப்பா, மூத்த பொண்ணுன்னு சொன்னேன். என் மூஞ்சிய நல்லாப் பாத்தார். பாத்துட்டு, ஹில்டா எங்கன்னார். மதியம் மூணு மணிக்கு முடிஞ்சுது. அதுவரைக்கும் இதேதான்.” மூச்சு வாங்கினாள். “செத்தவர் வாயில உன் பேரு. கோயில்ல எல்லார் வாயிலயும் உன் பேரு, ஹில்டா மாதிரி பொண்ணு உண்டான்னு. பேப்பர்லயும் உன் பேரா? ஒரு எடத்துலயாவது நான் மட்டும் மகளா இருக்கணும்னு நெனச்சேன். எடுத்துட்டேன்.”

ஹில்டா நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் கடலில் காலை நனைத்துக்கொண்டு நின்ற அந்த மூன்று மணிக்கு, அப்பா அவளைக் கூப்பிட்டிருக்கிறார். இருபத்திரண்டு வருடமாக, கடைசி நேரத்தில் அப்பாவுக்குத் தன் ஞாபகமே இருந்திருக்காது என்று நினைத்து நினைத்து அவள் வெந்திருந்தாள். ஊர் பேசியதைப் பாதி அவளே நம்பியிருந்தாள். பெயரை எடுத்தது திருட்டு என்றால் இது கொள்ளை. பெயர் போனால் ஊர் முகம்தான் போகும். இது அவளுக்கென்று அப்பா விட்டுப்போன ஒரே சொத்து, அதை இவள் பெட்டியில் போட்டுப் பூட்டி வைத்திருந்திருக்கிறாள்.

“எங்கிட்ட சொல்லணும்னு ஒரு நாளும் தோணலையா?”

“ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் தோணும். எதிர் பெஞ்சுல உக்காந்திருப்ப, பாப்பேன். சொல்லிட்டா எல்லாம் உனக்கே கெடச்சிடும். எனக்கு என்ன மிச்சம்?”

ஹில்டாவுக்கு அவளை அடிக்க வேண்டும்போல் இருந்தது. எழுந்து கட்டிலருகே போனாள். மார்ஜரியின் தலையணை ஒன்று நழுவியிருந்தது. கை தானாகப் போய் அதைத் தட்டிச் சரிசெய்தது. ஒன்பது வருடப் பழக்கம், கோபம் வந்தால் நின்றுவிடுமா.

“கேட்டதச் சொல்லிட்டேன்” என்றாள் மார்ஜரி. “இப்பப் போடுவியா?”

ஹில்டா கையுறையை மாட்டிக்கொண்டாள்.

“பேப்பர நான் பாத்துக்கறேன்.”

மார்ஜரி அவளை ஏறிட்டுப் பார்த்தாள். அது யார் சொன்ன வார்த்தை, எப்போது சொன்னது என்று மறக்கக்கூடியவள் அல்ல அவள். பாம்பின் கால் பாம்பறியும். சிரித்தாள், சிரிப்பு இருமலாகி, கண்ணில் தண்ணீர் வரும்வரை இருமினாள். “நல்லாத்தான் கத்துக்கிட்ட” என்றாள்.

அதற்குப் பிறகு மார்ஜரி பதினாறு நாள் இருந்தாள். ஹில்டா தினமும் போனாள். காலையில் வேலைக்குப் போகுமுன் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. கஞ்சி காய்ச்சிக் கொடுத்தாள், முதுகைத் துடைத்துவிட்டாள், படுக்கைத் துணியைத் துவைத்துப் போட்டாள். தெருவில் எல்லோரும், அக்காவும் தங்கையும் ஒன்றுசேர்ந்துவிட்டார்கள், ரத்தம் தண்ணீரைவிடக் கெட்டி இல்லையா என்று பேசிக்கொண்டார்கள். வீட்டுக்குள் நடந்தது அவர்களுக்குத் தெரியாது. ஒவ்வொரு கரண்டி கஞ்சிக்கும் மார்ஜரியின் கண் அதையே கேட்டது. ஹில்டா கரண்டியைத் துடைத்து மறுபடியும் நீட்டினாள். ஹில்டா இருபத்திரண்டு வருடம் தெரியாமல் தவித்தாள். இவள் பதினாறு நாள் தவித்தால் குடி முழுகிவிடாது.

கடைசித் திங்கட்கிழமை மார்ஜரியால் பொறுக்க முடியவில்லை. “எழுதிட்டியா?” என்று கேட்டுவிட்டாள்.

“எழுதிட்டேன்.”

“படிச்சுக் காட்டு. நீதானே விதி போட்ட. கொடுத்தவ சரின்னு சொல்லணுமில்ல.”

“வியாழக்கெழமதான் படிப்பேன்” என்றாள் ஹில்டா, வாயைத் துடைத்துவிட்டபடி.

மார்ஜரி செவ்வாய்க்கிழமை விடியற்காலை போய்விட்டாள். ஹில்டா போனபோது உடம்பு இன்னும் சில்லிடவில்லை. கண்ணை மூடிவிட்டு, தலையைச் சீவிவிட்டு, நல்ல வெள்ளைச் சட்டையை மாட்டிவிட்டுத் திரைகளை இழுத்துவிட்டாள். எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தாள்.

வியாழக்கிழமை பத்தரை மணிக்குக் கீழேயிருந்து நார்மன் ஏறி வந்தான். நாற்பது வருடமாக அச்சுக் கோக்கிறவன், விரலெல்லாம் ஈயக் கறுப்பு. கையில் ஈரம் காயாத திருத்தத் தாள் இருந்தது.

“ஹில்டா, உன் அக்காவோடது ஒரு வரி விட்டுப்போன மாதிரி இருக்கு. பேர், விலாசம், அமரர் ஃப்ராங்கின் மனைவி, சனிக்கிழமை ரெண்டு மணிக்கு அடக்கம். அத்தோட நின்னுபோச்சு. ‘வருத்தத்துடன்’ வரி நான் எப்பவும் கோத்தே வெச்சிருப்பேன், ஒவ்வொரு வாரமும் பத்துப் பதினஞ்சு வேணுமே. எடுத்துச் சேத்துடவா?”

“விட்டுப்போகல.”

நார்மன் அவளைப் பார்த்தான். “மூணு வரிதான் வருது. இந்தப் பக்கத்துலயே சின்னது. பாலத்துலருந்து விழுந்து செத்த நாடோடிக்குக்கூடப் போன வாரம் அஞ்சு வரி போட்டோம்.”

“தெரியும். நான்தானே எழுதுனேன்.”

“சரி” என்றான் நார்மன். தாளைத் திருப்பினான். “அப்புறம் நினைவஞ்சலியில உங்கப்பாவோடது ஒண்ணு இருக்கு. அவர் நாள் ஆகஸ்ட்டுல இல்ல? இது மே மாசம்.”

“எனக்கு இந்த மாசம்தான் தெரிஞ்சுது. போடு. நினைவஞ்சலிப் பத்தியில வேண்டாம். மார்ஜரியோடதுக்குப் பக்கத்துல போடு, கட்டம் கட்டி.”

“பக்கத்துலயேவா?”

“ஒட்டினாப்பல. படிக்கறவங்க கண்ண நகத்த வேண்டாம் பாரு.”

அவன் அதைப் படித்தான், உதடு அசைய, மெதுவாக. க்ளெக், ஹெர்பர்ட். ஒன்பது வருடம் பேச்சிழந்திருந்து, இறந்த நாள் முழுவதும் தன் இளைய மகளைப் பெயர் சொல்லி அழைத்தவர். வருத்தத்துடன் நினைவுகூர்பவர்: அவர் அழைத்த ஹில்டா.

நார்மன் தன் அழுக்குக் கையை அவள் மேசைமேல் ஒரு நிமிடம் வைத்துவிட்டு, படியிறங்கிப் போனான்.

வெள்ளிக்கிழமை பத்திரிகை வந்துவிட்டது. ஹில்டா மதியம் விடுப்பு எடுத்துக்கொண்டு பேர்ஸ்டோ கடைக்குப் போனாள். கடையில் நான்கு பேர் நின்றார்கள். அவளைக் கண்டதும் பேச்சு அறுந்தது. இந்தத் தடவை அந்தப் பார்வை வேறு மாதிரி இருந்தது. பெர்சியின் அண்ணி, வயதான பொம்பளை, ஒதுங்கி வழிவிட்டாள். இதே பார்வைக்காக ஒரு காலத்தில் அவள் என்ன வேண்டுமானாலும் கொடுத்திருப்பாள். இப்போது அது அவளுக்கு ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக்கூடக் காணாது என்று தோன்றியது.

“முழுத் தொட ஒண்ணு வேணும், நெல்லி. எலும்போட. இருக்கறதுலயே நல்லதாப் பாத்துக் குடு. நாளைக்கு அம்பது பேராவது வருவாங்க.”

“நீயா சாப்பாடு போடற?”

“வேற யாரு போடுவா? கேக்கும் ரெண்டு தினுசு சொல்லியிருக்கேன். நல்ல பீங்கான இரவல் வாங்கியாச்சு. என் அக்காவுக்குக் கொறவா செஞ்சேன்னு யாரும் சொல்லக்கூடாது.”

நெல்லி உள்ளே போய் ஒரு பெரிய தொடையை எடுத்துவந்து தராசில் வைத்தாள். காகிதத்தில் சுற்றினாள், கயிறு கட்டினாள். கட்டி முடித்தும் கொடுக்காமல் கையை அதன்மேல் வைத்துக்கொண்டு நின்றாள்.

“உங்கப்பாவோடதப் படிச்சேன். எங்க வீட்டுக்காரருக்கும் படிச்சுக் காமிச்சேன். கத்திய வெச்சுட்டு வெளிய போய் நின்னுட்டார்.”

“ம்.”

“அவளோடதையும் பாத்தேன். மூணு வரி.”

“ஆமா.”

“உன்ன ஒண்ணு கேக்கறேன், ஹில்டா, உண்மையச் சொல்லு. பதினாறு நாள் அவளுக்கு எல்லாம் செஞ்ச. நாளைக்கு சாப்பாடும் போடற. உனக்குக் கொஞ்சம்கூட வருத்தம் இல்லையா?”

கடையே காதைத் தீட்டிக்கொண்டது. ஹில்டா பொட்டலத்தை இழுத்து, இரண்டு கையாலும் இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். குழந்தை கனம் இருந்தது.

“இருக்கு. அவ டீ குடிச்ச கோப்பைய இன்னிக்குக் காலையில கழுவ எடுத்தேன். கழுவ முடியல. தரையில உக்காந்து ஒரு மணி நேரம் அழுதேன்.”

நெல்லியின் கண் கலங்கிவிட்டது. “அப்ப அந்த ஒரு வார்த்தையப் போட்டிருக்கலாமே.”

“அழுகைய அவளுக்குக் குடுத்துட்டேன்” என்றாள் ஹில்டா. “வார்த்தையக் குடுக்க மாட்டேன்.”